தோட்டத்து மண்ணில் ஏறிய புழுவும் ஸ்டீராய்டு மாத்திரையும்

நோயெதிர்ப்பு ஆற்றல் குறைந்த ஒருவர் இருமலோடும் மூச்சுத்திணறலோடும் மருத்துவமனைக்கு வந்தால், மருத்துவர்கள் முதலில் பாக்டீரியா நிமோனியாவையும், அடுத்துக் காசநோயையும், பிறகு பூஞ்சைத் தொற்றையும் நினைக்கிறார்கள். அந்த வரிசை தவறானதன்று. மலேசியாவில் காசநோய் இன்னும் பரவலாக இருப்பதால் அது முன்வரிசையில் நிற்பது நியாயமே. ஆனால் அந்த வரிசையின் கடைசியிலும் சில வேளைகளில் இடம் பெறாமல் போகும் ஒட்டுண்ணிகளுள் ஒன்றான ஸ்ட்ராஞ்சிலாய்டிஸ் என்னும் குடற்புழு, பினாங்கிலும் அதன் பெருநிலப் பகுதியான செபராங் பிறையிலும் வாழும் தமிழர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலான கவனத்துக்குரியது. நம்முடைய பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் எந்த மண்ணில் வெறுங்காலோடு நின்று உழைத்தார்கள் என்பதோடு நேரடியாகத் தொடர்புடைய நோய் அது.

சந்தர்ப்பவாதத் தொற்று என்று மருத்துவம் அழைப்பது, வலுவான உடலில் அடங்கிக் கிடக்கும் அல்லது சிறு தொல்லையோடு நின்றுவிடும் ஓர் உயிரி, காவல் தளர்ந்ததும் பெருகி உயிருக்கே ஆபத்தாக மாறும் நிலையை. இதில் பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு: இத்தகைய ஒட்டுண்ணிகளில் முக்கியமானவை நோயாளி பலவீனமடைந்த பிறகு வெளியிலிருந்து வந்து தாக்குபவை அல்ல, அவர் நலமாக இருந்த காலத்திலேயே, பெரும்பாலும் இளமையிலேயே, உள்ளே வந்து தங்கிவிட்டவை. ஆகவே இன்று நுரையீரலில் நடப்பதைப் புரிந்துகொள்ள, பல பத்தாண்டுகளுக்கு முன் அந்த மனிதர் எங்கே வாழ்ந்தார் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இவற்றுள் முதன்மையானது ஸ்ட்ராஞ்சிலாய்டிஸ் ஸ்டெர்கோராலிஸ் என்னும் குடற்புழு. 1876ஆம் ஆண்டு, கொச்சின்சீனா என்று அப்போது அழைக்கப்பட்ட தென் வியட்நாமிலிருந்து வயிற்றுப்போக்கோடு திரும்பிய பிரெஞ்சுப் படைவீரர்களின் மலத்தில், தூலோன் நகரின் கடற்படை மருத்துவர் லூயி நோர்மான் இதை முதன்முதலில் கண்டார். மலம் கலந்த ஈரமண்ணில் வளரும் இதன் இளம்புழு, வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து உள்ளே நுழைகிறது. இரத்த ஓட்டத்தின் வழியே நுரையீரலை அடைந்து, காற்றறைகளை உடைத்துக்கொண்டு மூச்சுக்குழாயில் ஏறித் தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டுச் சிறுகுடலில் போய்த் தங்குகிறது என்பது நெடுங்காலமாக அறியப்பட்ட வழி. குடலுக்குச் செல்ல வேறு வழிகளும் இதற்கு உண்டு என்று ஆய்வுகள் காட்டியிருந்தாலும், இந்தக் கட்டுரைக்குத் தேவையானது நுரையீரல் வழியே செல்லும் பாதைதான். குடலில் வளர்ந்த பெண்புழுவின் நீளம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். ஆண்புழுவின் துணையில்லாமலே அது முட்டையிடும்.

கொக்கிப்புழுவும் உருளைப்புழுவும் மனித உடலுக்குள் தம் எண்ணிக்கையைப் பெருக்கிக்கொள்வதில்லை. அவற்றின் முட்டைகள் மலத்தோடு வெளியேறி, மண்ணில் பக்குவப்பட்ட பிறகே இன்னொருவரைத் தொற்ற முடியும். முதிர்ந்த புழுக்கள் சில ஆண்டுகளில் செத்துப்போகின்றன. ஸ்ட்ராஞ்சிலாய்டிஸ் இந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை. இதன் முட்டைகள் குடலுக்குள்ளேயே பொரிந்துவிடுகின்றன. பொரிந்த இளம்புழுக்களில் பெரும்பான்மை மலத்தோடு வெளியேறினாலும், சில அங்கேயே தொற்றும் பருவத்தை எட்டி, குடற்சுவரையோ ஆசனவாயைச் சுற்றியுள்ள தோலையோ துளைத்து மீண்டும் அதே உடலுக்குள் நுழைந்து புதிய சுற்றைத் தொடங்குகின்றன. தன்தொற்று எனப்படும் இந்தச் சுற்றினால், ஒருமுறை புழு ஏறியவருக்கு, மருந்து கொடுத்து அழிக்காதவரை, வாழ்நாள் முழுவதும் அது இருந்துகொண்டே இருக்கும். நல்ல எதிர்ப்பாற்றல் உள்ளவரிடம் இந்தச் சுற்று மிகக் குறைந்த அளவில், ஏறக்குறைய ஓசையின்றி நடக்கிறது. அவ்வப்போது வயிற்று வலி, காரணம் புரியாத அரிப்பு, சிறிது இருமல் என்பதோடு முடிந்துவிடும். பலருக்கு அதுவும் இல்லை. ஓர் அடையாளம் மட்டும் தனித்துவமானது: பிட்டத்திலோ தொடையிலோ இடுப்பிலோ சிவந்த, அரிக்கும் கோடு ஒன்று தோன்றி, ஒரு மணி நேரத்தில் சில சென்டிமீட்டர் நகர்ந்து, ஓரிரு நாளில் மறைந்து, மாதங்கள் கழித்து மீண்டும் வரும். தோலுக்கடியில் இளம்புழு ஓடும் தடம் அது.

புழு எத்தனை காலம் தங்கும் என்பதற்கு உலகம் கண்ட தெளிவான சான்று, நம் வரலாற்றோடும் பின்னிக் கிடக்கிறது. சயாம் மரண ரயில்பாதை உள்ளிட்ட இடங்களில் ஜப்பானியரின் கைதிகளாக இருந்த பிரிட்டிஷ் வீரர்களை, இரண்டாம் உலகப் போர் முடிந்து இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பிறகு, 1968 முதல் 2002 வரை லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரி பரிசோதித்தபோது, 2,072 பேரில் 248 பேரிடம், அதாவது ஏறத்தாழ 12 விழுக்காட்டினரிடம், இந்தப் புழு இருந்தது. இங்கிலாந்தின் குளிர் நிலத்தில் இந்தப் புழு மண்ணில் பரவுவதற்கு வழியே இல்லை. ஆகவே அது 1940களில் ஏறிய புழுவின் வழித்தோன்றலாகத்தான் இருக்க முடியும். அதே 415 கிலோமீட்டர் பாதையில், அதே மழைச்சேற்றில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரக்கணக்கான தமிழர்களும் நின்றார்கள். உயிர் பிழைத்துத் திரும்பியவர்களுக்கு லிவர்பூலில் நடந்ததைப் போன்ற நெடுங்கால மருத்துவக் கவனிப்பு வாய்க்கவில்லை. அவர்கள் மீண்டும் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களுக்கே வந்து சேர்ந்தார்கள்.

அந்த லயங்களின் மண் புழுக்களுக்கு ஏற்ற மண். ஈரமும் நிழலும் நிறைந்த ரப்பர்த் தோட்டத்தில், விடியற்காலையில் வெறுங்காலோடு பால்மரம் சீவப் போனவர்களுக்கும், போதுமான கழிப்பறை இல்லாத லயத்துப் பின்புறத்தில் விளையாடிய பிள்ளைகளுக்கும் கொக்கிப்புழு எவ்வளவு சாதாரணமானது என்பதை அன்றைய மருத்துவ உலகம் அறிந்தே இருந்தது. 1915 முதல் 1917 வரை ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் குழு ஒன்று, சாமுவேல் டார்லிங் தலைமையில், மலாயா, ஜாவா, பீஜி ஆகிய இடங்களில் கொக்கிப்புழுவையும் மலேரியாவையும் ஆராய்ந்து, 1920இல் அறிக்கை வெளியிட்டது. கொக்கிப்புழு ஏறும் அதே வழியில்தான் ஸ்ட்ராஞ்சிலாய்டிஸும் ஏறுகிறது. பின்னர் 1974இல் பள்ளிப் பிள்ளைகளுக்கான தேசியப் புழு ஒழிப்புத் திட்டம் தொடங்கி 1983 வரை நடந்தது. வீட்டில் பள்ளி விடுமுறைதோறும் விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்கும் வழக்கமும் இருந்தது. இவையெல்லாம் உருளைப்புழுவைக் குறைக்க உதவியிருக்கலாம். குடற்சுவருக்குள்ளேயே புதைந்து வாழும் ஸ்ட்ராஞ்சிலாய்டிஸைப் பேதி வெளியேற்றாது. வழக்கமாக ஒரே வேளை கொடுக்கப்படும் பூச்சி மருந்தும் அதை முழுமையாக அழிப்பதில்லை. மருந்து குடித்தாயிற்று என்ற நினைவு, இந்தப் புழுவைப் பொறுத்தவரை, எந்த உத்தரவாதமும் தருவதில்லை.

நிபோங் திபால், சுங்கை பாக்காப், பத்து காவான் பகுதித் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனையாகவும் தொழிற்பேட்டையாகவும் குடியிருப்புகளாகவும் மாறின. அங்கிருந்தவர்கள் பட்டர்வொர்த்துக்கும் பிறைக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் பெயர்ந்து, அடுக்குமாடி வீடுகளில் முதுமையை அடைந்திருக்கிறார்கள். மருத்துவமனைப் பதிவேட்டில் இப்போது அவர்களுக்கு ஒரு தாமான் முகவரி மட்டுமே இருக்கும். இருபது வயது வரை அவர்கள் எந்தத் தோட்டத்தில் இருந்தார்கள் என்பது எந்தப் படிவத்திலும் இல்லை. இதை நான் ஒரு பெரிய குறையாகவே காண்கிறேன், ஏனெனில் அடுத்து வரும் ஆபத்தை முன்கூட்டியே சுட்டக்கூடிய தகவல் அது ஒன்றுதான்.

அந்த ஆபத்து பெரும்பாலும் ஒரு மருந்துச்சீட்டின் வடிவில் வருகிறது. பிரெட்னிசலோன், டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் பல நோய்களில் உயிர் காப்பவை என்பதில் ஐயமில்லை. லூபஸ், முடக்குவாதம், சிறுநீரக வடிகட்டி நோய்கள், கடும் ஆஸ்துமா, புற்றுநோய்ச் சிகிச்சை, உறுப்பு மாற்று ஆகியவற்றில் அவை இல்லாமல் மருத்துவம் இல்லை. ஆனால் புழுவைக் கட்டுக்குள் வைத்திருக்கும் ஈசினோஃபில் வெள்ளணுக்களையும் அவற்றை இயக்கும் நோயெதிர்ப்புப் பிரிவையும் அடக்குவதும் இதே மருந்துகள்தான். புழு தோலுரித்து அடுத்த பருவத்துக்குச் செல்வதை ஸ்டீராய்டே நேரடியாகத் தூண்டுகிறது என்ற கருத்தும் ஆய்வாளர்களிடையே உண்டு. எப்படியாயினும் விளைவு ஒன்றே: அதுவரை மெதுவாக நடந்த தன்தொற்றுச் சுற்று கட்டுமீறி விரைவடைந்து, ஆயிரக்கணக்கான இளம்புழுக்கள் ஒரே நேரத்தில் குடலைத் துளைத்து நுரையீரலை நோக்கிப் புறப்படுகின்றன. மருத்துவம் இதைப் பெருந்தொற்று நிலை (hyperinfection) என்கிறது; கோவிட் போன்ற உலகளாவிய பரவலை இந்தச் சொல் இங்கே குறிப்பதில்லை.

நுரையீரலில் காற்றறைகள் உடைந்து இரத்தம் கசிகிறது. இருமலில் இரத்தம் வரலாம். எக்ஸ்ரே படத்தில் இருபுறமும் வெண்படலம் தெரியும். மூச்சுக்குழாய் எரிச்சலுற்றுச் சுருங்குவதால் இழுப்புச் சத்தம் கேட்கும். இந்த இழுப்புதான் பல நேரங்களில் நோயாளியின் கதையைத் திசைதிருப்புகிறது. முதியவருக்குப் புதிதாக ஆஸ்துமா என்றோ, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் மோசமாகிவிட்டது என்றோ கருதி ஸ்டீராய்டின் அளவை மேலும் உயர்த்தினால், எந்த மருந்து புழுவை எழுப்பியதோ அதே மருந்து இன்னும் கூடுதலாக உள்ளே போகிறது. வழக்கமாக மருந்து கொடுத்தால் குறைய வேண்டிய இழுப்பு, ஸ்டீராய்டு கொடுத்த பிறகு கூடினால், அங்கே ஒரு நிமிடம் நின்று யோசிப்பது ஓர் உயிரைக் காக்கக்கூடும். இதோடு இன்னொரு கேடும் சேர்கிறது: குடலைத் துளைத்து வெளியேறும் இளம்புழுக்கள் குடல் பாக்டீரியாக்களையும் தம்மோடு இழுத்துச் செல்வதால், இரத்தத்தில் கிருமித்தொற்றும் மூளையுறை அழற்சியும் ஏற்படுகின்றன. இரத்தப் பரிசோதனையில் ஈ.கோலை போன்ற குடல் கிருமி கிடைத்ததும் காரணம் தெரிந்துவிட்டதென்று எண்ணி, அதைச் சுமந்து வந்த புழுவைத் தேடாமல் விட்டுவிடவும் வாய்ப்புண்டு. மருந்து கொடுக்கப்படாத பெருந்தொற்று ஏறக்குறைய எப்போதும் மரணத்தில்தான் முடிகிறது. மருத்துவ இதழ்களில் வெளியான கடும் நோயாளர் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தால், பாதிக்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள்.

மருத்துவர் எழுதிக் கொடுக்காமலே ஸ்டீராய்டு உட்கொள்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள் என்பதைக் கடந்துபோக முடியாது. மூட்டுவலிக்கும் உடல் அசதிக்கும் என்று பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தைகளிலும் இணையத்திலும் விற்கப்படும் ஜாமு, மக்ஜுன் என்னும் நாட்டு மருந்து வகைகளில் டெக்ஸாமெத்தசோன் கலக்கப்பட்டிருப்பதை மலேசியாவின் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு மீண்டும் மீண்டும் கண்டறிந்து எச்சரித்து வருகிறது. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்று வியந்து பேசப்படும் பொடிகளுக்குப் பின்னால் பல முறை இருப்பது இதுதான். முகம் உருண்டு வீங்குவது, எளிதில் தோல் கன்றிப்போவது, சர்க்கரை திடீரென ஏறுவது ஆகியவை அதன் அடையாளங்கள். அப்படி நெடுநாள் உட்கொண்டவர் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது, ஏனெனில் அட்ரினல் சுரப்பி ஓய்ந்துபோயிருக்கும் நிலையில் திடீர் நிறுத்தம் மயக்கத்திலும் அதிர்ச்சியிலும் கொண்டுபோய் விடும். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். பதிவு பெற்ற பாரம்பரிய மருந்தின் உறையில் மால் (MAL) என்று தொடங்கும் பதிவெண்ணும் ஹோலோகிராம் ஒட்டுவில்லையும் இருக்கும். இல்லாதவற்றை வாங்காமல் இருப்பதே நல்லது.

நோயெதிர்ப்புக் குறைவு என்றதும் எச்.ஐ.வி.தான் நினைவுக்கு வரும் என்பதால் ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. மட்டும் இருப்பவரிடம் ஸ்ட்ராஞ்சிலாய்டிஸ் பெருந்தொற்று, எதிர்பார்த்த அளவுக்கு அடிக்கடி வருவதில்லை. அந்தக் கிருமி முதலில் சிதைக்கும் எதிர்ப்புப் பிரிவு வேறு, புழுவைக் கட்டுப்படுத்தும் பிரிவு வேறு. ஸ்டீராய்டும், எச்.டி.எல்.வி-1 என்னும் வேறொரு வைரஸும்தான் இந்தப் புழுவுக்கு உண்மையான துணைகள். எச்.ஐ.வி. முற்றியவர்களின் நுரையீரலை அதிகம் தாக்குபவற்றுள் ஒன்று, நிமோனியாவை உண்டாக்கும் நிமோசிஸ்டிஸ் என்னும் நுண்ணுயிரி. 1909இல் பிரேசிலில் கார்லோஸ் சாகாஸ் இதைப் பார்த்தபோது தாம் ஆராய்ந்துகொண்டிருந்த டிரிப்பனோசோம் ஒட்டுண்ணியின் ஒரு பருவம் என்று கருதினார். 1912இல் பாரீசில் தெலனோ தம்பதியர் அது தனி உயிரி என்று காட்டினர். அதன் பிறகும் முக்கால் நூற்றாண்டு காலம் அது ஒட்டுண்ணியாகவே பாடப்புத்தகங்களில் இருந்து, 1988இல் மரபியல் ஒப்பீட்டின் மூலம் பூஞ்சை என்று தெளிவானது. 1981 ஜூன் 5 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட, லாஸ் ஏஞ்சலிஸ் இளைஞர் ஐவரைப் பற்றிய அறிக்கை, எய்ட்ஸ் நோயை உலகுக்கு அறிமுகப்படுத்தியது. அந்த ஐவருக்கும் இருந்தது இந்த நிமோனியாதான். கோ-டிரைமோக்சசோல் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி இதற்கு மருந்தாகவும் தடுப்பாகவும் பயன்படுகிறது. ஆனால் மூச்சு மிகத் திணறும் நிலையில் அதோடு ஸ்டீராய்டும் சேர்த்தே கொடுக்கப்படுகிறது; நோயாளி தோட்டத்து மண்ணில் வளர்ந்தவராயின், ஒரு தொற்றைத் தணிக்கும் மருந்து இன்னொன்றைக் கட்டவிழ்க்க இடமுண்டு. எச்.ஐ.வி. சிகிச்சைப் பிரிவுகளும் புழுவை மறக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

டாக்சோபிளாஸ்மாவின் போக்கும் இதே வகையானது. பூனையின் மலம் கலந்த மண், கழுவாத கீரை, சரியாக வேகாத இறைச்சி ஆகியவற்றின் வழியே இளமையில் நுழைந்து, தசையிலும் மூளையிலும் நுண்ணிய பைகளாக உறங்கி, எதிர்ப்பாற்றல் மிகவும் சரிந்தபின் விழிக்கிறது. பெரும்பாலும் மூளையைத்தான் தாக்கும், எச்.ஐ.வி. முற்றியவர்களிடமும் எலும்பு மஜ்ஜை மாற்றுப் பெற்றவர்களிடமும் நுரையீரல் அழற்சியாகவும் வருவதுண்டு. கோ-டிரைமோக்சசோல் இதையும் தடுக்கிறது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் அரிதாக மூச்சுக்குழாயிலும் காணப்படுகிறது. கரப்பான்பூச்சியின் குடலில் வாழும் லோஃபோமோனாஸ் என்னும் ஓரணு உயிரியைப் பற்றிய செய்திகளும் அவ்வப்போது வருகின்றன. மூச்சுக்குழாயிலிருந்து உதிரும் குற்றிழை அணுக்கள் உருப்பெருக்கியில் ஏறக்குறைய அதே தோற்றம் தருவதால், அந்த அறிக்கைகளில் பல ஐயத்துக்குரியவை. வீட்டில் கரப்பான்பூச்சியைக் கண்டு இதற்காக அஞ்ச வேண்டியதில்லை.

ஸ்ட்ராஞ்சிலாய்டிஸைக் கண்டுபிடிப்பதில் உள்ள சிக்கல், அமைதிக் காலத்தில் மலத்தில் இளம்புழுக்கள் மிகக் குறைவாக இருப்பதுதான். ஒரே ஒரு மலப் பரிசோதனை பெரும்பாலான தொற்றுகளைத் தவறவிட்டுவிடும். பல நாள் மாதிரிகளும், அகார் தட்டில் வைத்து வளர்க்கும் முறையும் வேண்டும். இரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை இவற்றைவிட நுட்பமானது. பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மூலக்கூறு மருத்துவ ஆய்வுக் கழகம் இந்தப் புழுவுக்கான விரைவுச் சோதனைப் பட்டையை உருவாக்கியிருப்பது, நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி மட்டுமன்று, பயன்படுத்திக்கொள்ள வேண்டிய செய்தியும்கூட. சாதாரண முழு இரத்த எண்ணிக்கையிலும் ஒரு குறிப்பு உண்டு: ஈசினோஃபில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 500க்கு மேல் தொடர்ந்து இருந்தால், ஒவ்வாமை என்று ஒதுக்காமல் புழுவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு தொடங்கிய பிறகு இந்தக் குறிப்பு மறைந்துவிடும் என்பதால், எண்ணிக்கை இயல்பாக இருப்பதை வைத்துப் புழு இல்லை என்று முடிவு செய்ய முடியாது. பெருந்தொற்று நிலையிலோ நேர்மாறாக, கோழையை ஒரு கண்ணாடிச் சில்லில் தடவி உருப்பெருக்கியில் பார்த்தாலே இளம்புழுக்கள் நெளிவது தெரியும். விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லாத சோதனை அது. பார்க்க வேண்டும் என்று யாருக்காவது தோன்ற வேண்டும்.

மருந்து ஐவர்மெக்டின். இதைத் தந்த ஆய்வுக்காக சதோஷி ஓமுராவும் வில்லியம் கேம்பெலும் 2015இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அறிகுறியற்ற தொற்றுக்கு உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் என்ற அளவில் ஓரிரு நாள் கொடுத்தால் பெரும்பாலும் போதும். பெருந்தொற்றில் நாள்தோறும், புழு முற்றிலும் மறைந்து இரண்டு வாரம் ஆகும்வரை கொடுக்க வேண்டியிருக்கும். கோவிட் காலத்தில் இந்த மருந்தின் பெயர் வேறு காரணத்துக்காக ஊரெங்கும் அடிபட்டது. மலேசிய அரசு மருத்துவமனைகளில் 490 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2022இல் வெளியான ஐ-டெக் ஆய்வு, கோவிட் கடுமையாவதை அது தடுக்கவில்லை என்று தெளிவாகக் காட்டியது. அதே ஆண்டு வெளியான மற்றொரு பகுப்பாய்வு, ஐவர்மெக்டின் பலன் தந்ததுபோல் தோன்றிய ஆய்வுகள் பல ஸ்ட்ராஞ்சிலாய்டிஸ் மிகுந்த நாடுகளில் நடந்தவை என்று சுட்டியது. கோவிட் நோயாளிகளுக்கு டெக்ஸாமெத்தசோன் கொடுக்கப்பட்டு வந்த நிலையில், அந்நாடுகளில் ஐவர்மெக்டின் தடுத்தது வைரஸையன்று, ஸ்டீராய்டு எழுப்பிய புழுவையே என்று கொள்ள நல்ல காரணம் இருக்கிறது. அந்தக் காலத்துச் சர்ச்சையினால் இந்த மருந்தின் உண்மையான, உறுதிப்பட்ட பயன் மக்கள் மனத்தில் மங்கிப்போனது வருத்தத்துக்குரியது. கால்நடை மருந்தை வாங்கித் தானாக உட்கொள்வதற்கு இது எந்த வகையிலும் நியாயமாகாது. அளவை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.

உலகில் 60 கோடிக்கு மேற்பட்டோர் இந்தப் புழுவைச் சுமப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. 2024இல் உலக சுகாதார நிறுவனம், தொற்று மிகுந்த பகுதிகளில் சமூகம் முழுவதற்கும் ஐவர்மெக்டின் வழங்கலாம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. பினாங்கு நகரவாசிக்கு அத்தகைய பெருந்திட்டம் தேவையில்லை. அவருக்குத் தேவைப்படுவது, ஸ்டீராய்டையோ கீமோதெரபியையோ உறுப்பு மாற்றையோ தொடங்குவதற்கு முன் கேட்கப்படும் ஒரு கேள்வியும் ஒரு சோதனையும். அந்தக் கேள்வியை மருத்துவர் கேட்காவிட்டால் நோயாளியோ பிள்ளைகளோ முந்திச் சொல்லலாம்: “டாக்டர், அப்பா சின்ன வயதில் ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர், வெறுங்காலோடு வேலை செய்தவர், ஸ்டீராய்டு கொடுக்கும் முன் ஸ்ட்ராஞ்சிலாய்டிஸ் சோதனை செய்ய வேண்டுமா?” சோதனைக்குக் காத்திருக்க நேரமில்லாத அவசர நிலையில், ஐயத்தின் பேரிலேயே ஐவர்மெக்டின் கொடுத்துவிடுவதும் மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட நடைமுறைதான். ஏற்கெனவே மாதக்கணக்கில் பிரெட்னிசலோன் எடுத்துக்கொண்டிருப்பவரும் இதைக் கேட்கலாம்; அவர் தம் மாத்திரையைத் தானாக நிறுத்தத் தேவையில்லை, நிறுத்தவும் கூடாது. சிகிச்சைக்குப் பின் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் இரத்தச் சோதனையை மீண்டும் செய்து, எதிர்ப்பொருளின் அளவு இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒருவரிடம் புழு இருப்பது உறுதியானால், அதே லயத்தில் அவரோடு வளர்ந்த அண்ணன் தம்பி, அக்காள் தங்கை ஆகியோரும், அவர்கள் இன்று கிள்ளானிலோ ஜோகூரிலோ எங்கே இருந்தாலும், சோதித்துக்கொள்வது அவசியம்.